கடைசி வரிசைக்கும் ஆங்கிலம் தெளிவாகக் கேட்க: தொடக்க வகுப்பில் மைக், ஸ்பீக்கர் அமைக்கும் முறை

கேள்வி இதுதான்: 20 அடிக்கு 20 அடி அறை, ஆங்கில வழியில் படிக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர். பின்வரிசைப் பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது சொல்லின் கடைசி ஒலி விழுந்துபோகிறது. 'சீ'யும் 'ஷீ'யும் ஒன்றாகிவிடுகின்றன. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் போதுமா, சுவரில் ஸ்பீக்கர் மாட்ட வேண்டுமா, இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

பலன் உண்டு, வரிசை மாறாமல் செய்தால். முதலில் இரைச்சலைக் குறைக்க வேண்டும், அடுத்து அறையின் முழக்கத்தை (சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பத் திரும்ப ஒலிப்பதை) அடக்க வேண்டும், மைக் மூன்றாவது. பல பள்ளிகளில் மூன்றாவதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் 'முன்னைவிட மோசமாகக் கேட்கிறது' என்று அது அலமாரிக்குள் போய்விடுகிறது. ஏன் அப்படி ஆகிறது என்பது புரிந்தால் என்ன வாங்குவது, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும்.

ஆங்கிலம் தெரிந்த பெரியவர் பாதி காதில் விழுந்தாலே மீதியை ஊகித்துக்கொள்வார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஊகத்துக்கான சொல்வளம் இல்லை. அந்தச் சொல்லையே இன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறது. அதோடு, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பதின்ம வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் பன்மையையும் இறந்தகாலத்தையும் காட்டுவது சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய மெய்யொலிதான். புக்–புக்ஸ், வாக்–வாக்ட் ஆகிய இரண்டிலும் வேறுபாடு அந்தக் கடைசித் துளி ஒலியில் இருக்கிறது. உயிரொலிகளின் ஆற்றல் கீழ் அலைவரிசையில் வலுவாக இருக்கும். ஸ், ஃப், த் போன்றவை 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையான மேல் அலைவரிசையில், மிகக் குறைந்த ஆற்றலில் இருக்கும். மின்விசிறிச் சத்தமும் முழக்கமும் முதலில் விழுங்குவது இவற்றைத்தான். அதனால்தான் பிள்ளைக்கு 'டீச்சர் பேசுவது கேட்கிறது', ஆனால் சொல் விளங்கவில்லை.

அமெரிக்காவில் கார்ல் கிராண்டெலும் ஜோசப் ஸ்மால்டினோவும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகள் இரைச்சல் கூடக்கூட, ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளைவிட வேகமாகப் பின்தங்கினார்கள். காதில் கோளாறு ஏதும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். வகுப்பறையில் மைக், ஸ்பீக்கர் வைக்கும் யோசனை அதற்கும் முந்தியது. 1970களின் பிற்பகுதியில் இல்லினாய் மாநிலத்தில் நடந்த 'மார்ஸ்' என்ற திட்டத்தில், லேசான கேட்புக்குறை உள்ள பிள்ளைகளைத் தனி அறைக்கு அனுப்பாமல் பொது வகுப்பிலேயே ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள். தனி அறைக்குப் போனவர்களுக்கு இணையாகவோ கூடுதலாகவோ முன்னேற்றம் தெரிந்தது; செலவும் குறைவு. இந்தத் துறை வளர்ந்தது அங்கிருந்துதான். ஆய்வுகள் பலவும் சிறியவை, குறுகிய காலம் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே அமைதியாகவும் முழக்கம் குறைவாகவும் உள்ள அறையில் மைக்கால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு.

அறையைக் கணக்கிடுங்கள்

மேலே சொன்ன அறையின் உயரம் பத்தரை அடி என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 119 கன மீட்டர். சிமெண்ட் பூச்சுச் சுவர், சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை எதுவும் ஒலியை உறிஞ்சாது. தன்மேல் விழுவதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் எடுத்துக்கொள்ளும். உறிஞ்சுபவை பிள்ளைகளும் திறந்த ஜன்னலும்தான். திறந்த ஜன்னல் முழு உறிஞ்சி: வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை. முப்பது பிள்ளைகள், மூன்று ஜன்னல், ஒரு கதவு எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்த உறிஞ்சல் ஏறத்தாழ 20 சதுர மீட்டருக்குச் சமம். அறை ஒலிக்கணக்குக்கான சபைன் சூத்திரப்படி முழக்க நேரம் (எழுந்த ஒலி அடங்க எடுக்கும் நேரம்) 0.161 × 119 ÷ 20, அதாவது கிட்டத்தட்ட 0.96 வினாடி. மழைக்காகவோ தெருச் சத்தத்துக்காகவோ ஜன்னலை மூடினால் இது இன்னும் ஏறும்.

இந்த அளவு வகுப்பறைக்கு அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரமான ஆன்சி எஸ்12.60 கேட்பது 0.6 வினாடி, ஆளில்லாத அறையில் இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திறந்த ஜன்னலும் மின்விசிறியும் உள்ள நம் ஊர் வகுப்பில் 35 டெசிபல் நடக்காது. ஆனால் 0.7 வினாடி எட்டக்கூடியதுதான்.

0.96க்கும் 0.7க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ஆசிரியர் வாயிலிருந்து நேராக வரும் ஒலிக்குப் பின் 50 மில்லிவினாடிக்குள் சுவரில் பட்டு வருவது பேச்சுக்குத் துணை. அதற்குப் பிறகு வருவது அடுத்த எழுத்தின் மேல் போய் விழுந்து அதை மறைக்கும். 0.96 வினாடி அறையில் சுவர்களில் பட்டு வரும் ஒலியில் ஏறத்தாழ பாதி இப்படிப் பிந்தி வந்து கெடுக்கிறது. 0.7 ஆனால் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இன்னொரு விஷயம்: வெற்றுச் சுவர் அறையில் ஆசிரியரை விட்டு மூன்றடி தள்ளிப் போனாலே நேரொலியைவிட முழக்கம்தான் மேலோங்கும். இதனால் பின்வரிசையில் சத்தத்தின் அளவு பெரிதாகக் குறைவதில்லை, தெளிவுதான் குறைகிறது. அங்கே போய் ஒலியளவை மட்டும் கூட்டினால் முழக்கமும் அதே அளவு கூடும். மைக் வாங்கியும் மோசமானதற்குக் காரணம் இதுதான்.

மைக்குக்கு முன் செய்ய வேண்டியவை

மின்விசிறி முதல் எதிரி. இரண்டு விசிறிகள் முழு வேகத்தில் சுழல, பிள்ளைகள் மெல்ல முணுமுணுத்தாலே 60 டெசிபல் வந்துவிடும். வேகத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் காற்றிரைச்சல் 6 முதல் 10 டெசிபல்வரை இறங்கும். வேறு எந்தச் செலவும் இவ்வளவு தராது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இருபது நிமிடத்துக்காவது ஒரு புள்ளி குறையுங்கள். ரெகுலேட்டரில் உறுமல் இருந்தால் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றலாம். ஆடும் விசிறியின் இறக்கைத் திருகுகளை இறுக்க வேண்டும். இரும்பு பெஞ்சு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டுவிடுங்கள். சிமெண்ட் தரையில் இழுபடும் கிறீச்சொலி சரியாக மெய்யொலிகள் இருக்கும் அலைவரிசையிலேயே விழுகிறது. ஒன்றாம் வகுப்பை ரோட்டுப் பக்க அறையிலிருந்து உள்பக்க அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பெரிய பிள்ளைகள் அந்தச் சத்தத்தைச் சமாளிப்பார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன, பகலில் வரம்பு 50 டெசிபல். வாசலில் ஹாரன் தொல்லை இருந்தால் இதைக் காட்டி மனு கொடுக்கலாம்.

அடுத்து உறிஞ்சும் பலகைகள். நூறு சதுர அடி போதும். 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகையை மரச் சட்டத்தில் வைத்து, நூல் விடாத, எளிதில் தீப்பிடிக்காத துணி போர்த்தி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் ஏறத்தாழ 8 சதுர மீட்டர் உறிஞ்சல் கூடும், முழக்கம் 0.96இலிருந்து 0.68க்கு வரும். பாதியைப் பின்சுவரில் பிள்ளைகள் கைபடாத உயரத்திலும் மீதியை ஒரு பக்கச் சுவரிலும் மாட்டுங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் வெறுமையாக இருந்தால் கைதட்டும்போது 'டர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். ஒரு பக்கம் மூடினாலே அது போய்விடும். கடலோர ஊர்களின் ஈரத்துக்கு மர இழையும் சிமெண்ட்டும் சேர்ந்த வுட் வூல் சிமெண்ட் பலகை இன்னும் நல்லது: நனைந்தாலும் கெடாது, எளிதில் தீப்பிடிக்காது. ராக்வூல் அளவுக்கு உறிஞ்சாது என்பதால் பரப்பை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் சாஃப்ட் போர்டைக்கூட ரீப்பர் வைத்துச் சுவரிலிருந்து தள்ளி மாட்டினால் கொஞ்சம் உதவும். முட்டை அட்டையும் தெர்மகோலும் பயனற்றவை. தெர்மகோல் ஒலியை உறிஞ்சவே உறிஞ்சாது. ஸ்டூடியோ ஃபோம் என்று விற்கும் பஞ்சு தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, எளிதில் எரியும் எதையும் வகுப்பறைக்குள் மாட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

எந்தக் கருவி

இடுப்பில் கட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஆசிரியரின் தொண்டையைக் காப்பாற்றும்; அது சாதாரண நன்மை இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது செய்வது குறைவு. ஒலி இன்னமும் ஒரே இடத்திலிருந்து, முன்னாலிருந்துதான் புறப்படுகிறது. இரண்டு மூன்று அங்குல ஸ்பீக்கர் கொஞ்சம் கூட்டினாலே பிசிறடிக்கும், பிசிறும்போது முதலில் சிதைவது ஸ், ஷ் வேறுபாடுதான். முன்வரிசைக்கு இரைச்சல், பின்வரிசைக்கு மங்கல்.

ப்ளூடூத் ஸ்பீக்கரோடு ப்ளூடூத் மைக்கை இணைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர 150 முதல் 250 மில்லிவினாடி தாமதமாகும். பிள்ளை ஆசிரியரின் உதட்டையும் நேரொலியையும் முதலில் பெறுகிறது, ஸ்பீக்கர் ஒலி இரண்டாம் குரலாகப் பின்னால் வருகிறது. உதட்டைப் பார்த்து ஃப், ப் வேறுபாட்டைப் பிடிக்கும் வயதில் இது கேடு. வாங்கும் எந்த ஒயர்லெஸ் மைக்கிலும் தாமதம் 20 மில்லிவினாடிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டு வகுப்பறைகளுக்கென்றே செய்த இன்ஃப்ராரெட் கருவிகள் சுவர் தாண்டாதவை என்பதால் பக்கத்து வகுப்போடு குழம்பாது. ஆனால் நேர் வெயில் உள்ளே விழும் அறையில் தடுமாறும். நம் ஜன்னல்களுக்கு அது ஒரு பிரச்சினை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் என்றால் ஸ்மார்ட் போர்டின் வைஃபையோடு மோதி ஒலி விட்டுவிட்டு வரலாம். வாங்கும் முன் அந்த அறையிலேயே, போர்டை ஓடவிட்டு, அரை மணி நேரம் சோதியுங்கள்.

நான் பரிந்துரைப்பது உள்ளூர் மைக்செட் கடையிலேயே சேர்க்கக்கூடிய அமைப்பு: ஒயர்லெஸ் ஹெட்செட் மைக் ஒன்று, பிள்ளைகள் கைமாற்றிப் பேச ஒயர்லெஸ் கை மைக் ஒன்று, 100 வோல்ட் லைன் வசதியுள்ள (பல ஸ்பீக்கர்களை ஒரே லைனில் இணைக்கும் முறை) 30 அல்லது 40 வாட் மிக்ஸர் ஆம்ப்ளிஃபயர், சுவரில் மாட்டும் 6 வாட் ஸ்பீக்கர் நான்கு. கடைக்காரர் 200 வாட் காட்டுவார், வேண்டாம். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே மூன்று மீட்டர் தொலைவில் 80 டெசிபல் தரும். நமக்குத் தேவை 70க்குள். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 3 வாட் டேப்பில் (எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு முனை) வைத்தால் மொத்தம் 12 வாட். ஆம்ப்ளிஃபயர் சூடேறாமல் ஓடும். 100 வோல்ட் லைனில் எல்லா ஸ்பீக்கரையும் நேரடியாகப் பக்க இணைப்பில் கொடுக்கலாம். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை அப்படிக் கொடுத்தால் 2 ஓம் ஆகி ஆம்ப்ளிஃபயர் கருகும்; இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் போட்டு அந்த இரண்டு ஜோடிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 8 ஓம் வரும். பிளஸ், மைனஸ் நான்கிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று தலைகீழானால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்காரும் பிள்ளைக்குக் குரல் குழிந்து, உடலில்லாமல் கேட்கும். இணைத்தவருக்குத் தெரியாமலே போய்விடும் தவறு இது.

மாட்டுவதும் திருத்துவதும்

ஸ்பீக்கர்களை எட்டடி உயரத்தில், பக்கச் சுவர்களில், பக்கத்துக்கு இரண்டாக மாட்டி, உட்கார்ந்த பிள்ளையின் தலையை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். முன்ஜோடி கரும்பலகைச் சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்க வேண்டும். ஆசிரியர் நிற்கும் இடம் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே வந்தால், ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்கில் ஏறி மைக் கூவும். கூரையில் மாட்டுவதைத் தவிருங்கள். விசிறி இறக்கைக்கு மேலிருந்து வரும் ஒலியை இறக்கை வெட்டிவெட்டி நடுங்கவைக்கும்.

ஹெட்செட் மைக் வாயோரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில், வாய்க்கு நேர் முன்னால் வராமல், கன்னத்தை ஒட்டி இருக்கட்டும். நேர் முன்னால் இருந்தால் ப் போன்ற ஒலிக்கெல்லாம் காற்று மோதி 'டப் டப்' என்று அடிக்கும். காலர் மைக் 15 சென்டிமீட்டர் கீழே இருப்பதால் அதற்குக் கிடைக்கும் குரல் 15 டெசிபல்வரை குறைவு. அதைச் சரிகட்ட ஒலியைக் கூட்டினால் விசிறிச் சத்தமும் கூவலும் சேர்ந்து வரும். கரும்பலகைப் பக்கம் தலை திரும்பினால் குரல் மறைந்தும் போகும். ஸ்பாஞ்சு உறையைக் கழற்றாதீர்கள்; வியர்வை இறங்கி மைக் கெடுவதை அதுதான் தடுக்கிறது. வாரம் ஒருமுறை அலசிக் காயவைத்துப் போடலாம், கூடுதலாக நான்கைந்து வாங்கி வையுங்கள்.

இனி ஆம்ப்ளிஃபயர். எக்கோ குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். கல்யாண மண்டபத்துக்கு அது அழகு, இங்கே நாம் பலகை மாட்டிக் குறைத்த முழக்கத்தை அதுவே திரும்பக் கொண்டுவந்துவிடும். பேஸைக் குறையுங்கள், கீழ் ஒலியை வெட்டும் லோ-கட் பொத்தான் இருந்தால் 150 ஹெர்ட்ஸ் அருகே போடுங்கள். கீழ் ஒலி மேல் ஒலியை மறைக்கும் தன்மை நம் காதிலேயே இருக்கிறது. ட்ரெபிளை ஒரு கோடு கூட்டலாம், அதற்கு மேல் போனால் ஸ் சீறும். பிறகு மைக்கை மாட்டிக்கொண்டு அறை முழுதும், ஸ்பீக்கருக்கு அடியிலும் நடந்தபடி, இன்னொருவரிடம் ஒலியைக் கூட்டச் சொல்லுங்கள். கூவத் தொடங்கும் இடத்திலிருந்து 6 டெசிபல் இறக்கியதுதான் உங்கள் உச்ச வரம்பு.

போனில் ஒரு டெசிபல் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இராது. ஒரே போனில் எடுத்த அளவுகளின் வித்தியாசம் நம்பகமானது. நான்கு மூலையும் நடுவும் என ஐந்து இடங்களில், விசிறி ஓட, பிள்ளைகள் அமைதியாக இருக்கும்போது இரைச்சலை எடுங்கள்; பிறகு மைக் இல்லாமல் ஆசிரியர் வாசிக்கும் அளவு; பிறகு மைக்கோடு. எடுத்துக்காட்டாக இரைச்சல் 52, மைக் இல்லாத குரல் 60 என்றால் இடைவெளி 8தான். பிள்ளைகளுக்கு வேண்டியது 15. மைக் 8 டெசிபல் கூட்டி 68 ஆக்கினால் 16 கிடைத்துவிட்டது. ஐந்து இடங்களுக்குள் வித்தியாசம் 3 டெசிபலுக்கு மேல் இருந்தால் ஸ்பீக்கர் சாய்வையோ டேப்பையோ மாற்றுங்கள். இரைச்சல் 60இலேயே நிற்கும் அறையில் 75 வைக்க வேண்டிவரும். பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், பக்கத்து வகுப்பு கெடும். அப்படியானால் திரும்ப விசிறிக்கும் பலகைக்கும்தான் போக வேண்டும்.

மீட்டரைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஆசிரியர் மெல்லிய துணியால் வாயை மறைத்துக்கொண்டு இருபது சொற்களைச் சொல்லட்டும்: ஃபேன்–பேன், சீ–ஷீ, கேப்–கேட், புக்–புக்ஸ், வாக்–வாக்ட், ஃபின்–தின் என ஜோடிகளைக் கலைத்து. எழுதச் சொன்னால் எழுத்துப் பிழையும் கலந்துவிடும்; முன்வரிசையில் நால்வர், பின்வரிசையில் நால்வர் திருப்பிச் சொல்லட்டும் அல்லது படத்தைத் தொட்டுக் காட்டட்டும். மைக் வைக்கும் முன்னும் பின்னும் செய்து பாருங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கியிருந்தால் வேலை நடந்திருக்கிறது.

ஸ்மார்ட் போர்டை அதே ஆம்ப்ளிஃபயரில் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று உறுமினால் அது எர்த் லூப்: இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு இடையே ஓடும் மின்னோட்டம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். போகாவிட்டால் ஆடியோ ஐசோலேட்டர் ஒன்று நடுவில் போட வேண்டும். எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து.

வகுப்பில் பயன்படுத்தும்போது

மைக் போட்டதும் சாதாரணக் குரலில் பேச வேண்டும். கத்திப் பழகியவர்களுக்கு இதுதான் கடினம். கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, மெய்யொலி அந்த அளவு கூடுவதில்லை. ஒரு பிள்ளையிடம் தனியாகப் பேசும்போதும் வகுப்பை விட்டு வெளியே போகும்போதும் மியூட்.

கை மைக்கை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மொழி கற்கும் பிள்ளை சக பிள்ளையின் பதிலிலிருந்தும் அதை ஆசிரியர் திருத்துவதிலிருந்தும் நிறையக் கற்கிறது. முன்வரிசைப் பெண் மெல்லச் சொன்ன பதில் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால், அதன்பின் ஆசிரியர் சொல்லும் திருத்தம் எதைப் பற்றியது என்றே தெரியாது. மைக் கைக்கு வந்ததும் வாயே திறக்காத பிள்ளையும் பேச முன்வருவதுண்டு.

தமிழக அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரிந்து வேலை செய்யும் நேரத்தில் மைக்கை அணைத்துவிடுங்கள். எல்லாரும் பேசும் இடத்தில் ஒலியைப் பெருக்கினால் ஒருவர்மேல் ஒருவர் குரலை உயர்த்துவார்கள். கதை சொல்லல், சொல் அறிமுகம், பாட்டு, சொல்வதெழுதுதல், பொதுக் கட்டளைகள் – இவற்றுக்குத்தான் மைக். ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு நடந்தாலோ, தடுப்புச் சுவர் கூரையைத் தொடாமல் நின்றாலோ ஸ்பீக்கர் வைக்கவே வேண்டாம்; ஒரு வகுப்புக்குப் பாடமாவது அடுத்ததற்கு இரைச்சல்.

காது கேட்கும் கருவி அணிந்த பிள்ளைக்கு இந்த அமைப்பு மட்டும் போதாது. ஆசிரியர் குரலை நேரே அந்தக் கருவிக்குள் அனுப்பும் ரிமோட் மைக் தனியாக வேண்டும். அதன் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பதை ஆடியாலஜிஸ்ட் (கேட்பியல் நிபுணர்) பார்த்துச் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக அமைத்த பிறகும் ஒரு பிள்ளை சொல் சோதனையில் தொடர்ந்து தவறினால் ஆங்கிலம் வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் சில வாரங்களுக்கு 25 டெசிபல் அளவுக்குக் கேட்பு குறைவது இந்த வயதில் சாதாரணம். வலி இருக்காது, பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையின் பெயரைக் கொடுத்தால், மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பிக் கேட்புச் சோதனை செய்வார்கள். அதுவரை அந்தப் பிள்ளை ஸ்பீக்கருக்கு அருகில், ஆசிரியர் முகம் தெரியும் இடத்தில் உட்காரட்டும்.